மத்தி வீடு மாறிய கதை

ஏலகிரி மேலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் கீழே ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. பதனிட்ட தோல் காய்ந்து விறைக்காமல் இருக்க எண்ணெய் ஏற்றுவார்கள். அதற்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட எண்ணெய்களில் மீன் எண்ணெயும் ஒன்று. நம்ம பக்கம் மீன் எண்ணெய் என்றால் முதலில் மத்திதான். நம் கரையில் பேய்ச்சாளை என்றும் சொல்வார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபிரெடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்துறை, மத்தியை அவித்து எண்ணெய் எடுக்கும் தொழிலை மலபாரில் வளர்த்தது. சக்கை உரமானது. 1940-களில் மீன் திடீரென்று குறைந்தது. பழி வலைமேல் விழுந்தது. 1943-இல் அரசு சில வலைகளைக் கட்டுப்படுத்தியது. பிறகு மத்தி திரும்பி வந்தது.

அந்த ஏற்ற இறக்கத்தில் வலைக்கு மட்டுமல்ல, மழைக்கும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலபார் கரையோர நீரைத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. அதில் பெருகும் நுண்பாசிகளைத் தின்ன மத்தி கூட்டமாக வரும். காற்று பிசகினால் சாப்பாடு பிசகும்.

இதெல்லாம் ஒரே வீட்டுக்குள் நடந்த கதை. 1980-கள் வரை மத்தியின் வீடு கேரள, கர்நாடகக் கரைதான்; கிழக்குக் கரையில் அது பெரிதாகச் சிக்கியதில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாடு, ஆந்திர வலைகளில் டன் கணக்கில் விழத் தொடங்கியது. மேற்கே குஜராத் பக்கமும் பரவியது. 1901-க்கும் 2012-க்கும் இடையில் மேற்கு இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு கோடையில் சுமார் 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இந்தப் பரவலைக் கடல் சூட்டோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

பழைய வீட்டின் கணக்கு வேறு மாதிரி. 2012-இல் கேரளத்தில் 3.9 லட்சம் டன் மத்தி. 2021-இல் 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு ஓரளவு மீண்டது.

‘எப்பவும் போயிட்டு வர்ற மீன்தானே’ என்று வரலாற்றைக் காட்டி ஆறுதல் சொல்லலாம். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. நூறாண்டுக் கணக்கு, கடல் இவ்வளவு சூடேறாத காலத்தையும் சேர்த்து எழுதப்பட்டது. அதை வைத்து அடுத்த இருபது வருஷத்தைச் சொல்ல முடியாது. தண்ணீர் சுட்டால் மீன் வடக்கே போகும். கடன் வாங்கி வலை போட்ட மனுஷன் எங்கே போவான்?