கடலும் கடவுச்சீட்டும்

பினாங்குத் தீவின் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் நடந்து செல்வோர்க்குத் தமிழர் வரலாறு கட்டடங்களின் வடிவிலேயே காட்சி தரும். சூலியர் பெயரால் வழங்கும் தெரு, 1801ஆம் ஆண்டளவில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் ஆண்டவரின் நினைவைத் தாங்கிய சிறு தர்கா, 1833இல் தோன்றிய குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் ஆகிய யாவும் சில நூறு அடித் தொலைவுக்குள் அமைந்துள்ளன. இவற்றை எழுப்பியோர் வங்கக் கடலைக் கடந்து வந்தவர்கள். அவர்கள் எவ்வாறு வந்தனர் என்பதைப் பாடநூல்கள் ஓரளவு கூறுகின்றன. எந்த அனுமதியின்பேரில் வந்தனர், அந்த அனுமதி மாறியபோது அவர்தம் வாழ்வு எவ்வாறு மாறியது என்பதோ விரிவாகப் பேசப்படுவதில்லை.

நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடைப்பட்ட கடல் அன்றும் இன்றும் ஒன்றே. அதனைக் கடப்பதற்குத் தேவைப்பட்ட தாள்களே காலந்தோறும் மாறின. அத்தாள்களின் வரலாறு, மலேசியத் தமிழர் எவ்வாறு இந்நாட்டின் மக்களாயினர் என்பதன் வரலாறுமாகும்.

காற்று வழிவிட்ட காலம்

பினாங்கிற்கு எதிர்க்கரையில் உள்ள கெடாவே பண்டைத் தமிழர் அறிந்த கடாரம் என்பர் அறிஞர். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் அங்குச் சென்றது. அதற்கு முன்னும் பின்னும் அக்கடலில் வணிகக் கலங்கள் இடையறாது இயங்கின. பாய்மரக் கலங்களின் போக்குவரவைப் பருவக் காற்றே முறைப்படுத்தியது. தென்மேற்குக் காற்று கலங்களைக் கிழக்கே செலுத்தும். வடகிழக்குக் காற்று அவற்றைத் தாயகம் சேர்க்கும். காற்று மாறும்வரை வணிகர் அயல் துறைமுகத்தில் தங்கினர். சிலர் அங்கேயே இல்லறம் நடத்தி வேரூன்றினர்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிசு லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதன்பின் சோழமண்டலக் கரையிலிருந்து சூலிய வணிகரும் கூலியாட்களும் பெருகி வரலாயினர். ஆண்டுதோறும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அக்கரையிலிருந்து வந்து, உழைத்துச் சிறு பொருள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புவதையும், அவர்தம் இடத்திற்கு வேறு சிலர் வந்து சேர்வதையும் லைட் 1794ஆம் ஆண்டிலேயே தம் மேலிடத்திற்கு எழுதினார். வருதலும் திரும்புதலும் இடையறாத சுழற்சியாக அன்றே நிலைபெற்றிருந்தன என்பது இதனால் விளங்கும்.

அந்நாளில் பினாங்கு இந்திய ஆட்சியின் ஓர் உறுப்பாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் சென்னையும் பினாங்கும் அடங்கின. ஆதலின், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு செல்வது ஒரே ஆட்சிக்குள் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்வதாகவே கருதப்பட்டது.

எல்லைக்கோடு தோன்றிய ஆண்டு

1867ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் ஆட்சியினின்று பிரிக்கப்பட்டு, இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு அலுவலகத்தின்கீழ் வந்தன. முன்னாள்வரை உள்நாடாயிருந்த பினாங்கு, சட்டத்தின் பார்வையில் வெளிநாடாயிற்று. அக்காலத்து இந்தியச் சட்டம், கூலியாட்களை வெளிநாட்டிற்கு ஏற்றிச் செல்வதற்குப் பல கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. அவை இப்போது பினாங்குப் பயணத்திற்கும் பொருந்துவன ஆயின. பல தலைமுறைகளாக நடந்துவந்த போக்குவரவு திடீரெனச் சட்டத்திற்குப் புறம்பானதாயிற்று. தோட்ட முதலாளிகள் முறையிட்டனர். நீரிணைக் குடியேற்ற அரசும் வேண்டிற்று. 1872இல் இந்திய அரசு விதிவிலக்கு அளித்தபின்னரே அச்சிக்கல் தளர்ந்தது.

கடலில் எந்த மாற்றமும் நிகழாதிருக்கவும், எழுதுகோலால் இட்ட ஒரு கோடு பயணத்தின் தன்மையையே மாற்றவல்லது என்பதற்கு 1867 முதற்சான்றாகும்.

கங்காணியின் உரிமச்சீட்டு

தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிமுறை நிலவியது. மக்கள் அதனைச் 'சஞ்சிக்கூலி' என்றனர். மலாயாவிற்கான அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைக் கங்காணிமுறை முழுமையாகப் பெற்றது. 1907இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதிக்குத் தோட்ட முதலாளிகள் வரி செலுத்தினர். தொழிலாளரின் கப்பற்கட்டணம் அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது.

கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்ட உரிமச்சீட்டுப் பெறவேண்டும். திரட்டிய ஆட்களைக் கிராம முன்சீபிடம் காட்டி அவரது ஒப்புதலைப் பெறவேண்டும். பின்னர் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் அவர்கள் தங்கிக் கப்பலேறினர். பினாங்கை அடைந்தபின் புலாவ் செரெசாக்கில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்தனர். அம்மை குத்தப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் மற்றொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. பயிற்சியற்ற தொழிலாளரை எந்நாட்டிற்கு அனுப்பலாம் என்று முடிவு செய்யும் உரிமை இந்திய அரசின் கையில் உறுதிப்பட்டது. தொழிலாளர் நலத்தைக் கண்காணிக்க இந்திய அரசின் பிரதிநிதி ஒருவரும் மலாயாவில் அமர்த்தப்பட்டார். அதுவரை முதலாளியின் தேவைக்கேற்ப நடந்த பயணம், இனி இரண்டு அரசுகளின் இசைவின்பேரில் நடப்பதாயிற்று.

இக்காலத்துப் பயணத்தின் அடையாளமாகத் திகழ்ந்தது 'ரஜுலா' என்னும் கப்பல். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமை வழங்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கடற்காற்றையும் மழையையும் தாங்கி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மலேசியாவின் எல்லாத் துறைகளிலும் உள்ளனர்.

1938: தாயகம் தாழிட்ட கதவு

1930ஆம் ஆண்டை ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. ஆள்திரட்டல் நின்றது, பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே காலத்தில் மலாயா அரசு அயலார் வருகைக்கு வரம்பு விதித்தது. 1933ஆம் ஆண்டின் அயலார் சட்டம் பெரிதும் சீன ஆடவரையே தாக்கியது. இந்தியர் பிரிட்டிசுக் குடிகள் என்பதால் அச்சட்டம் அவர்களைத் தொடவில்லை. சீனப் பெண்களுக்கு 1938வரை வரம்பு விதிக்கப்படாமையால், அவ்வாண்டுகளில் பெண்கள் பெருந்தொகையினராக வந்தனர். ஆணைத் தடுத்த சட்டம், அதனை இயற்றியோர் எண்ணியிராத வகையில் குடும்பங்கள் அமைவதற்கும் வழி செய்தது.

தமிழருக்கு வந்த தடை வேறு திசையிலிருந்து வந்தது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவிற்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1938இல் ஆடவரின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கத் தோட்ட முதலாளிகள் முற்பட்டனர். இந்திய அரசு அதனை எதிர்த்தது. உடன்பாடு எட்டப்படாமையால், அவ்வாண்டு சூன் 15 முதல் பயிற்சியற்ற தொழிலாளரை உதவிக் கட்டணத்தில் மலாயாவிற்கு அனுப்புவதைத் தடைசெய்தது.

இத்தடை தொழிலாளரின் நலன் கருதியது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் விளைவு கூலி வழக்கோடு நிற்கவில்லை. ஊரிலிருந்து புதியோர் வருவது நின்றது. தோட்டத்தில் இருந்தோர், ஊர் சென்றால் திரும்ப இயலுமோ என அஞ்சினர். வந்து போகும் கூட்டமாக இருந்த தமிழர், தங்கி வாழும் சமுதாயமாக மாறத் தொடங்கியது இந்த ஆண்டுகளிலேயே ஆகும். 1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கைக் கைப்பற்றியதும் கடல்வழி முற்றாக அடைபட்டது. 1945வரை எண்ணற்ற குடும்பங்கள் அக்கரையும் இக்கரையுமாகப் பிரிந்து, ஒருவர் நிலையை ஒருவர் அறியாது வாடின.

1953: மறுநுழைவு அனுமதி

போருக்குப்பின் கப்பல்கள் மீண்டும் ஓடின. ஆயினும் உலகம் மாறிவிட்டது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. மலாயாவும் தன்னாட்சியை நோக்கி நடந்தது. உள்நாட்டு மக்களின் வேலைவாய்ப்பைக் காத்தல் வேண்டும் என்ற நோக்கத்துடன் புதிய குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாட்டிற்குத் தேவையான திறன் பெற்றோர், இங்கு வாழ்வோரின் மனைவி மக்கள், முன்னரே குடியிருந்து மறுநுழைவு அனுமதி பெற்றோர் என வகை வகுக்கப்பட்டது. அவ்வகைகளுள் அடங்காதோர்க்குக் கதவு ஏறக்குறைய அடைபட்டது.

இச்சட்டம் தோட்டத்தைவிடக் கடைத்தெருவையே மிகுதியும் தாக்கியது. செட்டியார் கிட்டங்கிகளில் முதலாளியின் முகவர் மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்புவார். மற்றொருவர் வந்து பொறுப்பேற்பார். தமிழ் முஸ்லிம் கடைகளிலும் மாமன் ஊருக்குச் சென்றால் மருமகன் வந்து நிற்பது வழக்கம். லைட் கண்ட அந்தச் சுழற்சி, ஒன்றரை நூற்றாண்டாகத் தொடர்ந்த அந்தச் சுழற்சி, இச்சட்டத்தால் அறுபட்டது. ஊருக்குப் போனவர் அனுமதியின் கெடுவுக்குள் திரும்பியாக வேண்டும். தாயின் நோயோ, தங்கையின் திருமணமோ, காணி வழக்கோ காலத்தை நீட்டித்துவிட்டால், பினாங்கில் இருந்த கடையும் பிழைப்பும் கைநழுவும். கெடு தப்பியதால் வாழ்வின் திசை மாறிப்போனவர்கள் இருகரையிலும் உண்டு. 1959இல் விதிகள் மேலும் இறுகின. நெடுங்காலம் கணவரைப் பிரிந்து ஊரில் இருந்த மனைவியரும், வயது வரம்பைக் கடந்த பிள்ளைகளும் வந்து சேர்வது அரிதாயிற்று.

குடியுரிமை என்னும் கேள்வி இதனோடு பிணைந்தது. 1948ஆம் ஆண்டின் கூட்டரசு உடன்படிக்கையின்படி, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கு நிலையாக வாழ்ந்த பிரிட்டிசுக் குடிகள் இயல்பாகவே கூட்டரசுக் குடிகளாயினர். ஆகவே, ஒரே தாயின் மக்களுள் பினாங்கில் பிறந்தவன் குடிமகனானான். பேறுகாலத்திற்குத் தாய் ஊர் சென்றிருந்தபோது பிறந்தவன் அயலானானான். பிள்ளை எக்கரையில் பிறந்தது என்பதைத் தாய் வீட்டு வழக்கம் முடிவு செய்தது. அப்பிள்ளையின் உரிமையைச் சட்டம் முடிவு செய்தது.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது, உரிய தகுதியுடையோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எளிய வாய்ப்பு வழங்கப்பட்டது. பலர் அதனைப் பயன்படுத்தினர். என்றேனும் ஊர் திரும்பலாம் என்று எண்ணியோரும், எழுத்தறியாதோரும், பிறந்த நாளுக்குச் சான்று இல்லாதோரும் வாளாவிருந்தனர்.

சிவப்பு அட்டையும் கடைசிக் கப்பலும்

வாளாவிருந்ததன் விலை பத்தாண்டுகளுக்குள் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய 'பெர்மிட்' பெறவேண்டியதாயிற்று. 1969இல் இவ்விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையுடன் பல்லாண்டு பால்மரம் வெட்டிய முதியோர், தாம் திருத்திய நிலத்திலேயே தமக்கு வேலை உரிமை இல்லை எனக் கண்டனர். பல்லாயிரம் பேர் தாயகத்திற்குக் கப்பலேறினர். அவர்களுள் பலர் திரும்பிச் சென்ற ஊரில் அவர்களை அறிந்தோர் சிலரே இருந்தனர். வந்தபோது ஏறிய அதே கப்பலில் திரும்பியோரும் அவர்களுள் உண்டு.

'ரஜுலா' 1973இல் இவ்வழியிலிருந்து விடைபெற்றது. அதன் பணியை இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்' மேற்கொண்டது. 1980களின் நடுவில் அக்கப்பலில் நேர்ந்த தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அப்பயணிக் கப்பற் சேவையும் முடிவுற்றது. அதற்குள் விமானம் பெருகியிருந்தது என்பது உண்மையே. ஆயினும், தளப்பயணிகளின் தொகையை விமானத்திற்கு முன்பே குறைத்தது அனுமதிச் சட்டம் என்பதை மறத்தலாகாது.

இன்றைய நிலை

காலம் மீண்டும் சிறிது நெகிழ்ந்துள்ளது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் 30 நாள்வரை விசா இன்றி மலேசியாவிற்கு வந்து செல்ல விலக்கு வழங்கப்பட்டது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்கிற்கும் நேரடி விமானப் பயணம் தொடங்கியது. ஒரு வாரக் கடல்வழி, சில மணி நேர வான்வழியாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்தும் 2023 அக்டோபரில் மீண்டும் பயணிக் கப்பல் புறப்பட்டது. ஆனால் அது காங்கேசன்துறைக்குச் சென்றது. பினாங்கு வழி இன்னும் நினைவில் மட்டுமே உள்ளது.

ஒரு நாடு தன் எல்லையைக் காப்பதும், தன் மக்களின் தொழிலைக் காப்பதும் அதன் கடமையே. அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் சட்டம் மாறும்போது, பழைய சட்டத்தை நம்பி வாழ்வை அமைத்துக்கொண்டவர்க்குப் போதிய காலமும் விளக்கமும் தரப்படல் வேண்டும். 1953இலும் 1969இலும் பெருந்துயருற்றோர், அறிவிப்பைப் படிக்க இயலாதவர்களே. கல்வியின் தேவையை இதனினும் வலிமையாக எடுத்துக்காட்டும் சான்று வேறில்லை.

பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் மங்கிய மறுநுழைவு அனுமதிகளும், அம்மை குத்திய சான்றுகளும், கிழிந்த கப்பற்சீட்டுகளும் இன்னும் கிடக்கக்கூடும். அவை பழந்தாள்கள் அல்ல, ஆவணங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக்கொண்டு அவற்றைத் தேடி எடுத்து, யாருடையது, எந்த ஆண்டினது, எதற்காக வழங்கப்பட்டது எனக் குறித்துவைத்தல் நல்ல வரலாற்றுப் பயிற்சியாகும். அவற்றைப் படித்துச் சொல்லவல்ல மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின், அப்பணி காலந்தாழ்த்தாது செய்யத்தக்கது.