டாலர் பொழிந்த வகுப்பு

1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடுவதும், இடைக்காலத்தில் பதவி உயர்வு, திருமணம், குழந்தைப்பேறு, மரணம் ஆகிய செய்திகளை வகுப்புச் செயலர், அதாவது தோழர்களின் நடப்புகளைத் திரட்டித்தரும் பழைய மாணவர், 'வகுப்புக் குறிப்புகள்' என்ற பகுதியாகத் தொகுப்பதும் அமெரிக்காவின் பழைய கல்லூரிகளிடமிருந்து வந்த வழக்கங்கள்.

ஒரே ஆண்டில் பட்டம் பெற்றோரைக் குறிக்கும் இவ்வகுப்புகளுள் பெரும்புகழ் பெற்றது 1949ஆம் ஆண்டினது. போர்வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வகைசெய்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு பலர் பயின்ற அவ்வகுப்புக்கு, 25 ஆண்டு கழிந்தபின் ஃபார்ச்சூன் இதழ் 'டாலர்கள் பொழிந்த வகுப்பு' என்று பெயரிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பீட்டர் மெக்கலோ, பிற்காலத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தலைவரான ஜேம்ஸ் பர்க், கேபிடல் சிட்டீஸ் ஊடக நிறுவனத்தை வளர்த்த தாமஸ் மர்ஃபி ஆகியோர் அதில் ஒருசாலை மாணாக்கர். தனித்திறமையைவிட, போருக்குப் பின் அமெரிக்கத் தொழில்துறை கண்ட பெருவளர்ச்சியே இவர்களை உயர்த்தியது எனக் கொள்வது பொருத்தம். தோற்றவர்கள் தம் செய்தியை எழுதியனுப்ப விரும்புவது அரிது என்பதால், வகுப்புக் குறிப்புகளை முழு வரலாறாகக் கொள்ளவும் இயலாது.

குடும்பச் செய்திகளும் ஒருதலைப்பட்சமானவையே; ஈராண்டுப் பட்டப்படிப்பின் முதலாண்டில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1963இல்தான் என்பதால், அதுவரை மனைவியரைப் பற்றிக் கணவர்களே எழுதினர்.