எலும்பு மஜ்ஜையும் பம்பாய் மில் பெண்களும்

மும்பைத் தமிழர்களுக்குப் பரேல் என்றதும் டாடா ஆஸ்பத்திரியும் கே.இ.எம்.மும்தான் ஞாபகம் வரும். அதே பரேலில் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் கர்ப்ப காலத்தில் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. உடம்பில் ரத்தம் எங்கே ஊறுகிறது? கல்லீரல், மண்ணீரல் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1868-ல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் நாய்மனும் இத்தாலியரான பிட்ஸோஸெரோவும் தனித்தனியாக ஆராய்ந்து, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் அந்த இடம் என்று காட்டினார்கள். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு போன்றவற்றில்தான் இந்த வேலை நடக்கிறது. தினமும் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள்! ஒவ்வொன்றுக்கும் ஆயுசு 120 நாள்தான், ஆகவே உற்பத்தி நிற்கவே முடியாது.

சரி, இடம் தெரிந்துவிட்டது. மஜ்ஜைக்கு என்ன சரக்கு வேண்டும்?

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய் வந்தார். மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்து வெளிறிப்போகும். இவர்களுக்கோ அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. கிருமியா என்று தேடினார் வில்ஸ். பிறகு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய், கனி, கீரை எதுவும் போதவில்லை.

ஆராய்ச்சி நம் பக்கமும் வந்தது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) வேலை பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது, ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு! குரங்குகளுக்குக் குணமானது, பெண்களுக்கும் குணமானது. 1931-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அதில் இருந்த சத்து எது? 1941-ல் அமெரிக்காவில் 4 டன் பாலக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 'இலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ.வுக்கு நகல் எடுக்க வேண்டும், அதற்கு இந்தச் சத்து வேண்டும். அது இல்லையென்றால் மஜ்ஜையில் அணு பெருக்கிறதே தவிர, பிரிவதில்லை. பெரிய அணுக்களின் ரகசியம் இதுதான்.

1945-ல் லெடர்லி கம்பெனி இதைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைவர் யார் தெரியுமா? பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்.

கதை இங்கே திரும்புகிறது. லுக்கேமியாவில் மஜ்ஜை கட்டுக்கடங்காமல் வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. அப்படியென்றால் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு தயாரித்த அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ல் வந்த முடிவு: 16 குழந்தைகளில் 10 பேருக்கு, தற்காலிகமாகத்தான் என்றாலும், நோய் தணிந்தது. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் லுக்கேமியா குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

சுப்பாராவ் அதே வருடம் 53 வயதில் காலமானார். 1995-ல் நம் அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வில்ஸ் பெயர் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. ஊசிக்குக் கையை நீட்டிய பம்பாய், சென்னைப் பெண்களின் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. அவர்களும் நம்மைப் போலப் பிழைப்புக்காகப் பட்டணத்தில் பாடுபட்டவர்கள்தான். அடுத்த முறை வீட்டில் யாராவது "இந்த மாத்திரை எதுக்கு, வேண்டாமே" என்று ஒதுக்கினால், அவர்கள் கதையைச் சொல்லிக் கொடுங்கள்.