சுரங்கத்துப் பூதமும் நான் கேட்க மறந்த கேள்வியும் (த்ரெட்)

1/ நைட் டூட்டி முடிஞ்சும் தூக்கம் வரல. சின்ன வயசுல பக்கத்து வீட்டு அண்ணன் கம்ப்யூட்டர்ல பார்த்து மிரண்டுபோன ஒரு எபிசோடைத் தேடிப் பிடிச்சு மறுபடி பார்த்தேன். ஸ்டார் ட்ரெக், முதல் சீசன், 'தி டெவில் இன் தி டார்க்'. அமெரிக்காவில் 1967 மார்ச் 9 அன்று ஒளிபரப்பானது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க மக்களே.

2/ கதை இதுதான். ஜேனஸ் 6 என்ற கிரகத்தில் ஒரு சுரங்கம். பெர்ஜியம்னு ஒரு தாது எடுக்கிறாங்க. பல கிரகங்களின் அணு உலைகள் அதை நம்பித்தான் ஓடுது. அங்கே 50 பேருக்கு மேல் அமிலத்தில் கருகிச் செத்துட்டாங்க. கொன்னது ஏதோ ஒரு பூதம். அதை முடிக்க கேப்டன் கிர்க், ஸ்பாக், டாக்டர் மெக்காய் வர்றாங்க.

3/ பூதத்தோட பெயர் ஹோர்ட்டா. பாறை மாதிரி உடம்பு. உள்ளே தவழ்ந்தவர் யானோஸ் ப்ரோஹாஸ்கா, ஹங்கேரியில் பிறந்த ஸ்டண்ட் கலைஞர். அந்த உடையைச் செய்ததும் அவரே. அன்னிக்கு ராத்திரி லைட்டை அணைக்க விடாம அழுதவன் நான். இப்போ பார்த்தா, கம்பளத்துக்கு அடியில ஒருத்தர் தவழ்றது பளிச்சுனு தெரியுது. சிரிச்சுட்டேன்.

4/ ஆனா அந்தச் சிரிப்பு நிலைக்கல. சுரங்க அதிகாரியின் மேஜையில் ஒரு உருண்டைக் கல் சும்மா அழகுக்குக் கிடக்குது. சுரங்கத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்குது, உதவாத பொருள்னு உடைச்சுத் தள்ளியிருக்காங்க. அது என்னன்னு யோசிக்கிற ஒரே ஆள் ஸ்பாக்.

5/ அது முட்டை. 50,000 வருஷத்துக்கு ஒருமுறை அந்த இனமே அழிஞ்சு, ஒரே ஒரு ஹோர்ட்டா மட்டும் முட்டைகளைக் காக்க மிஞ்சும். பூதம்னு நாம பயந்தது ஒரு தாய். சின்ன வயசுல இந்த இடத்துல வாயடைச்சுப் போனேன். இப்பவும் தொண்டை அடைச்சுது.

6/ இந்தத் தடவை கண்ணுல பட்டது டாக்டர் மெக்காய். அடிபட்ட ஹோர்ட்டாவுக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னதும் மனுஷன் கொதிக்கிறார்: நான் டாக்டர், கொத்தனார் இல்லைங்கிற பாணியில். அப்புறம் கப்பல்ல இருந்து 100 பவுண்ட் கான்கிரீட் இறக்கச் சொல்லி, காயத்துல பூசிக் குணப்படுத்திடுறார். இருக்கிறதை வெச்சு சமாளிக்கிறது. நம்ம ஆளு!

7/ ஏன் கான்கிரீட்? ஹோர்ட்டாவின் உடம்பு சிலிக்கான். தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பது. கார்பன் மாதிரியே நாலு பிணைப்பு போடும். ஆனா ஒரு சிக்கல். நாம மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு வாயு. சிலிக்கான் டை ஆக்சைடு? அது மணல்! சிலிக்கான் உயிர் நம்மள மாதிரி ஆக்சிஜனை சுவாசிச்சா, மணலைத்தான் வெளியே விடணும்.

8/ இங்கதான் எனக்குச் சுருக்குன்னு தைச்சது. கதையில் சுரங்கக்காரங்களைக் கொல்றது சிலிக்கான் பூதம். நிஜத்திலும் அதே சிலிக்காதான். கல் உடைக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலுக்குள் போகும். அதை விழுங்கும் பாதுகாப்புச் செல்கள் செத்துப்போகும். நுரையீரல் தழும்பாகி இறுகும். பெயர் சிலிக்கோசிஸ். பழையபடி ஆக்க மருந்து கிடையாது.

9/ 1930, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை. தண்ணி தெளிக்காம, முகமூடி இல்லாம சிலிக்கா பாறையைக் குடைஞ்சாங்க. வேலை செஞ்சவங்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பல சாவுகள் நிமோனியான்னு பதிவாச்சு. 1936ல் நாடாளுமன்றக் குழு விசாரிச்சப்போ சொல்லப்பட்ட கணக்கு 476 பேர். உண்மையில் அதைவிட அதிகம்ங்கிறாங்க ஆய்வாளர்கள்.

10/ இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1700லேயே, இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழில் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமா கேட்கிறதோட இன்னொரு கேள்வியும் கேளுங்கன்னார்: நீ என்ன வேலை செய்யுற?

11/ இப்போ என் கதை. நாற்பதைத் தாண்டிய ஒருத்தர். இருமல், மூச்சு வாங்குது, எடை குறையுது. எக்ஸ்ரேயில் மேல் பக்கம் நிழல். சளி டெஸ்ட்ல கிருமி இல்ல. இருந்தும் டிபின்னு முடிவு பண்ணி மாத்திரை ஆரம்பிச்சேன். ஆறு மாசம் ஆகியும் மூச்சு வாங்குறது குறையல. "மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்களா இல்லையா?"ன்னு சத்தம் போட்டேன்.

12/ அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கூட வந்த அவர் சம்சாரம்தான் சொன்னாங்க: "ஒரு வேளை கூட விடலைங்க சார். கல்லு உடைக்கிற மிஷின்ல பதினஞ்சு வருசமா நிக்கிறாருங்க."

சீட்டுல 'தொழில்: கூலி'ன்னு எழுதியிருந்துச்சு. என்ன கூலின்னு நான் கேட்கவே இல்ல. மேஜை மேல கிடந்த அந்த உருண்டைக் கல் மாதிரி, விடை என் கண் முன்னாடியே இருந்திருக்கு.

13/ அதனால ஒரு வேண்டுகோள். குவாரி, கிரஷர், கிரானைட் அறுப்பு, அம்மி கொத்துறது, மணல் அடிச்சு இரும்பைச் சுத்தம் பண்றது, இதுல ஏதாவது செஞ்சிருந்தா, பல வருஷம் முன்னாடி விட்டிருந்தாலும், டாக்டர்கிட்ட சொல்லுங்க. சிலிக்கோசிஸ் இருந்தா டிபி வரவும் வாய்ப்பு அதிகம், ரெண்டையும் பார்க்கணும். டிபி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

14/ டாக்டர் கேட்கலைன்னாலும் சொல்லுங்க. நாங்க மறந்துடுவோம். நான் மறந்தேன். (முற்றும்)