மலிவுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்

1899 டிசம்பரில் ஒரே வாரத்திற்குள் ஸ்டோர்ம்பெர்க், மாகர்ஸ்ஃபொன்டைன், கோலென்சோ ஆகிய மூன்று களங்களில் பிரிட்டிஷ் படை போயர்களிடம் தோற்றது. தொலைவிலிருந்து குறி தவறாமல் சுடும் உழவர்களைக் கண்டபின், தன் நாட்டுத் தொழிலாளியும் சுடக் கற்க வேண்டும் என்ற குரல் இங்கிலாந்தில் வலுத்தது. 1901இல் தொழிலாளர் துப்பாக்கிக் கழகங்களுக்கென ஒரு சங்கம் எழுந்தது. இவ்வியக்கத்தின் பெரும் ஆதரவாளர் லார்டு ராபர்ட்ஸ்: கான்பூரில் பிறந்தவர், இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர், கோலென்சோவில் மகனைப் பறிகொடுத்தவர்.

இடையூறு செலவுதான். படையின் .303 தோட்டாவுக்கு விலையும் மிகுதி, நெடிய சுடுதிடலும் வேண்டும். .22 தோட்டாவுக்கோ 25 கஜம் நீளமுள்ள கூடம் போதும். உதைப்பும் மிகக் குறைவு. எனவே போர் அலுவலகமே 1906 அளவில் ஒரு மலிவு மாதிரியை ஏற்க, பர்மிங்ஹாம் ஆலை அதனை உற்பத்தி செய்தது. கையாளும் முறை லீ-என்ஃபீல்டை ஒத்திருந்தது. பழகிய கை போரில் தடுமாறக் கூடாதல்லவா.

சோதனை எளியது. ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுடுவர். துளைகள் நெருங்கி, ஆனால் இடப்புறம் விழுந்தால் பின்குறியை வலப்புறம் நகர்த்தினால் போதும். சிதறி விழுந்தால் குறியைத் தொட்டுப் பயனில்லை. பிழை குழலிலோ தோட்டாவிலோ சுடுபவரின் பிடியிலோ இருக்கும்.

இக்கதையை இந்தியாவிலிருந்து படிக்கும்போதுதான் அதன் அரசியல் புலப்படுகிறது. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. (குடகர் பெற்ற விலக்கு தனி ஆய்வுக்குரியது.) வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் லீ-என்ஃபீல்டு செய்த தொழிலாளியும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. ஒரே பேரரசு, ஒரு தொழிலாளியைச் சுடப் பழகு என்றது; மற்றொருவனை ஐயுற்றது. 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டிய காந்தி, இச்சட்டம் நீங்க இதுவே வாய்ப்பு என வாதிட்டதை, அகிம்சையிலிருந்து விலகிய செயலாக மட்டும் வாசிப்பது போதாதென்று கருதுகிறேன். அவர் கேட்டது நம்பிக்கையை.

1948இல் தேசிய மாணவர் படை அமைந்தது; மறு ஆண்டே மாணவியர் பிரிவும் தொடங்கியது. .22 துப்பாக்கி கல்லூரி மாணவர் கைக்கு வந்தது இவ்வழியேதான். பயிற்சி முடிந்ததும் அது ஆயுதக் கிடங்கிற்குத் திரும்பும். வெற்றுத் தோட்டாக் கூடுகளையும் எண்ணியே ஒப்படைக்க வேண்டும்.