சுறாவின் முதுகில் ஒரு முகவரி: தூண்டிற்காரர்களும் மீன்வள ஆராய்ச்சியும்

மீனைப் பிடித்து, எண் பொறித்த அடையாளம் ஒன்றை உடலில் பொருத்தி, மீண்டும் கடலில் விடுவது மீன்வள ஆராய்ச்சியின் பழைய முறை. ஆனால் பரந்த கடலில் ஆய்வாளர்கள் மட்டும் இதைச் செய்து முடிக்க இயலாது. எனவே அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிராங்க் மேதர், 1954இல் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரின் உதவியை நாடினார். அவ்வாண்டு மார்த்தாஸ் வினியார்டு தீவருகே அடையாளமிடப்பட்ட இரண்டு சூரை மீன்கள், ஐந்தாண்டுகளுக்குப் பின் பிரான்சை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் பிடிபட்டன. சூரை அட்லாண்டிக்கைக் கடக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்றாயிற்று.

1962இல் ஜான் கேசி என்னும் ஆய்வாளர் சுறாக்களுக்கும் இத்தகைய திட்டத்தைத் தொடங்கினார். நூறு பேருக்கும் குறைவான தன்னார்வலர்களுடன் தொடங்கிய அதில் இதுவரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுறாக்கள் அடையாளமிடப்பட்டுள்ளன. முதுகுத் துடுப்பின் அடியில் குத்தும் எஃகு முனை, அதிலிருந்து ஓர் இழை, இழையின் நுனியில் ஒளிபுகும் சிறு குப்பி, இவ்வளவுதான் கருவி. குப்பிக்குள் சுருட்டிய தாளில் தகவல் அனுப்பும் முறை ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, ஜப்பானியம், நார்வேஜியம் ஆகிய மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும். சுறா எந்த நாட்டுப் படகில் சிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நியூயார்க் அருகே விடப்பட்ட ஒரு நீலச் சுறா ஏறத்தாழ 7,400 கி.மீ. தொலைவில், தெற்கு அட்லாண்டிக்கில் அகப்பட்டது.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடையாளமிடுவது பாதி வேலைதான். மீண்டும் பிடித்தவர் எண், நாள், இடம், நீளம் ஆகியவற்றைத் தெரிவித்தால்தான் கணக்கு நிறைவுறும். தெரிவிக்கப்படாத மீன், ஆய்வாளரின் ஏட்டில் பிடிபடாத மீனாகவே நிற்கும். அதனால் மீன்பிடி அளவு குறைவு என்ற தவறான முடிவும் வரலாம். இத்தனைக்கும் நூறில் பத்துகூடத் திரும்பி வருவதில்லை.

வந்தவற்றின் பயன் பெரிது. ஒரு சாண்ட்பார் சுறா 27 ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்துப் பிடிபட்டது. விடும்போதும் பிடிபடும்போதும் எடுத்த நீளங்களை ஒப்பிட்டு, இவ்வினம் முன்பு எண்ணியதைவிட மிக மெதுவாக வளர்கிறது என்று 1992இல் கேசியும் லிசா நாட்டன்சனும் கணிப்பைத் திருத்தினர். மெதுவாக வளரும் மீன், பிடித்துக் குறைந்தால் எளிதில் மீளாது. அட்லாண்டிக் சுறாப் பிடிப்புக்கான அமெரிக்க மேலாண்மைத் திட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது.

தகவல் தருபவருக்குப் பரிசு ஒரு தொப்பி. அத்துடன், அந்தச் சுறா எங்கே, எப்போது விடப்பட்டது என்ற விவரக் கடிதமும் உண்டு. முதலில் அடையாளமிட்டவருக்கும் செய்தி போகும்.