வெண்திரையும் மலைநாட்டு வரலாறும்

அகப்பொருள் பாடும் புலவர்க்கு நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் உரிமையாக்கினார் தொல்காப்பியர். உள்ளதனோடு புனைந்ததனைக் கலந்து சுவைபடக் கூறுதல் குற்றமன்று என்பது தமிழ் மரபின் தொன்மையான கொள்கையாகும். ஆயின் அவ்வுரிமைக்கு ஓர் எல்லையும் வகுக்கப்பட்டது. அகத்திணையில் ஒருவருடைய இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது. சுட்டின் அப்பாடல் புறத்தைச் சார்ந்துவிடும். பெயரில்லாத் தலைவனைப் பாடுவோன் தன் கற்பனைக்கு மட்டுமே கட்டுப்பட்டவன். பெயருடைய ஒருவனைப் பாடுவோனோ அவனுக்கும் அவன் வாழ்ந்த காலத்துக்கும் கடமைப்பட்டவனாகின்றான். உண்மை நிகழ்ச்சிகளைத் திரைப்படமாக்குவோர்க்கும் இக்கடமை உண்டு. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்ட மக்களின் வரலாற்றை நோக்குமிடத்து இஃது இனிது விளங்கும்.

தோட்டங்களைப் பற்றிய பழைய ஆவணங்களிற் பெரும்பாலானவை துரைமாராலும் அரசாங்க அதிகாரிகளாலும் எழுதப்பட்டவை. அவற்றில் தொழிலாளி ஆள்தொகையாகவும் கடன்தொகையாகவுமே தோன்றுகின்றான். 'பேர்' என்னும் சொல்லே தோட்டத்தில் ஒரு நாள் வேலையின் கணக்கைக் குறிப்பதாயிற்று. குறித்த நிறை கொழுந்து கொண்டுவராதவளுக்கு 'அரைப்பேர்' போடப்பட்டது. அம்மக்களின் சொந்தக் குரல் நாட்டார் பாடல்களிலேயே பெரிதும் ஒலித்தது. அவற்றைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணி போற்றத்தக்கது. மன்னர் ஒருவரைப் பிழைபடக் காட்டும் படத்தைத் திருத்துதற்குக் கல்வெட்டு உண்டு. லயத்திற் பிறந்து லயத்தில் மடிந்தவனுக்குக் கல்வெட்டு ஏது? ஏட்டுச் சான்று அருகிய மக்களுக்குத் திரையிற் கண்ட காட்சியே நாளடைவிற் சான்றாக நின்றுவிடும்.

இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காகப் பேசில் ரைட் இயக்கிய 'சோங் ஒப் சிலோன்' என்னும் விவரணப் படம் 1934இல் உருவாயிற்று. உலக விவரணப் படங்களுள் அது இன்றும் சிறப்பாக மதிக்கப்படுகின்றது. அதிற் காணப்படும் மக்களும் மலைகளும் மெய்யானவை. எனினும் படத்துக்கு உரையாக அமைந்த சொற்கள் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தவர். அவர் காலத்தில் இம்மலைகளில் தோட்டம் என்பதே இல்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வாணிகப் பயிராக நட்டது 1867இலேயே. படத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்கின்றோம். செவியில் விழுவனவோ ஆங்கில வாணிகரின் விலைப் பேச்சுக்களும் கப்பற் செய்திகளும். பறிப்பவள் எங்கிருந்து வந்தாள், எவர் கடனைச் சுமந்து வந்தாள் என்னும் வினா எழவே இல்லை. மெய்யான காட்சிகளைக் கொண்டும் வரலாற்றை மறைத்தல் கூடும் என்பதற்கு இப்படம் சான்றாகும்.

பாலா இயக்கி 2013இல் வெளிவந்த 'பரதேசி' இதற்கு மறுதலையானது. அதிற் பாத்திரங்கள் புனையப்பட்டவை. அவை காட்டும் துயரமோ வரலாற்றைச் சார்ந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிலாளர் சங்கம் அமைக்க உழைத்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார், இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். படத்துக்கு அடிப்படை அந்நாவலே. கங்காணியின் ஆசைமொழி, நெடுந்தூர நடை, கணக்குத் தீர்க்கும் நாளிற் கூலியை விழுங்கும் கழிவுகள், கொள்ளைநோய் ஆகியவற்றைப் படம் நெஞ்சில் பதியுமாறு காட்டுகின்றது. இவற்றை ஒரு சிற்றூராரின் கதையாகச் சுருக்கியது கலைஞனுக்குரிய உரிமை. ஆயின் நாவலில் தொழிலாளரின் நோய் தீர்க்க முயன்ற மருத்துவரின் இடத்தில், படம் ஆடிப்பாடி மதம் மாற்றுவதில் முனைந்த மருத்துவரை வைத்தது. விமர்சகர் பலர் இதனைக் கண்டித்தனர். நாவலின் மருத்துவரிடத்து நூலாசிரியரின் சொந்த வாழ்வு படிந்துள்ளமையின், இம்மாற்றம் வெறும் பாத்திர மாற்றமாக நின்றுவிடவில்லை. பெயர் சுட்டாமலே ஒருவருடைய உழைப்பை மறைப்பதாயிற்று.

மலைநாட்டார் 'பரதேசி'யைத் தம் முன்னோர் கதையாகவே காண்பது இயல்பு. எனினும் ஆனைமலை வேறு, அற்றன் வேறு. கோப்பிக் காலத்தில் இலங்கைக்கு வந்தோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கங்காணியின் கடனைத் தீர்த்தாலன்றி அவனுடைய ஆட்களை விடுவதில்லை என்று துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' என்னும் சீட்டு அவர்களைப் பிணித்தது. அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இவை ஆனைமலைக் கதையில் இடம்பெற இயலா. துன்பம் ஒன்றுபோல் தோன்றினும் அதன் காரணங்கள் ஒன்றல்ல.

மலைநாட்டு வரலாற்றைப் படமாக்க முனைவோர்க்கு இரு பெயர்கள் உரைகல்லாகும். 1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் மாண்டார். 1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்து டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிக்கப்படுவதை எதிர்த்த போராட்டத்திற் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு மாண்டார். இருவரையும் ஒரே வீரனாக்கின் கதை செறிவுறும் என இயக்குநர் ஒருவர் கருதலாம். ஆயின் முன்னவர் மாண்டது பிரித்தானிய ஆட்சியில். பின்னவர் மாண்டது சுதந்திர இலங்கையில், தோட்டங்கள் அரசுடைமையான பின்னர். முன்னவர் கேட்டது கூலி. பின்னவர் காக்க நின்றது மண். இடைப்பட்ட 37 ஆண்டுகளில் அம்மக்கள் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். இருவரையும் ஒருவராக்கினால் இத்தனையும் மறைந்துபோம்.

ஆகவே கலைஞன் கொள்ளத்தக்க உரிமையும் கொள்ளத் தகாத உரிமையும் தெளிவாகின்றன. கோவிந்தன் முதல்நாள் இரவு தன் வீட்டாரோடு பேசியதை எவரும் எழுதி வைக்கவில்லை. அதனைப் புனைதல் தகும். பல நாள் நிகழ்ச்சிகளை ஒரு நாளில் அடக்குதல் தகும். பெயரறியாத் தொழிலாளியைப் படைத்தலும் தகும். செய்தவர் யார், பட்டவர் யார், எதன் பொருட்டு என்னும் மூன்றையும் மாற்றுதல் தகாது. செக்ரோலில் ஒரு நாட்கூலியாய் நின்றுவிட்ட பெயர்களை மீண்டும் மனிதர் பெயர்களாக்கும் ஆற்றல் வெண்திரைக்கு உண்டு. அதனைக் கையாளுவோர், கணக்குப் புத்தகம் போட்ட அரைப்பேரைத் தாமும் போடாதிருத்தல் வேண்டும்.